மேற்கே கிளம்பினால் அருவி

ஜனவரி 17, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு முருங்கை மரம்கூடத் தெரியவில்லை. பால்காரர் சைக்கிள் மணி மட்டும் வந்தது, ஆள் பிறகு வந்தார்.

போன வருஷம் குவைத்திலிருந்து தங்கை மல்லிகா போனில் கேட்ட கேள்வி இன்று காலையிலிருந்து விடவில்லை. "அக்கா, நம்ம புத்தூர்கிட்ட அருவி ஒண்ணு கீதாமே? இங்க ஒரு நெல்லூர் பொண்ணு போட்டோ காட்டுச்சி. நீதான் புள்ளைங்களுக்கு மலை, ஆறுன்னு சொல்லிக்குடுத்தியே. நீ பாத்துகீறியா?"

பார்த்ததில்லை. முப்பத்து நான்கு வருஷம் சோஷியல் பாடம். நயாகரா எந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் என்று கேட்டு மார்க் போட்டவள். நகரி மலையைக் கரும்பலகையில் பார்க்காமல் வரைவேன். அதே மலைத்தொடரில், சத்தியவேட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில், கைலாசகோனா அருவி. ஒரு நாளும் போனதில்லை. "ஓ, இருக்குதே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன் அன்றைக்கு.

மல்லிகா பொங்கலுக்கு முந்தின நாள் வந்தாள். 31 ஞாயிறு திரும்புகிறாள். பதினொரு வருஷமாக ஒரே வீட்டில் சமையல், பிள்ளை பார்ப்பது. இது மூன்றாவது லீவு. முதல் லீவு உறவுக்காரர் கல்யாணங்களில் போனது. இரண்டாவது எங்கள் அப்பாவை, நைனாவை, ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வதில். இந்தத் தடவை வந்து பெட்டியை வைத்ததும் சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா. அந்த அருவியில போய் நிக்கணும். வேற எதுவும் வேணா."

நிற்க வைப்பது என் பொறுப்பு. இன்றைக்கே திட்டம் ஆரம்பம்.

ஜனவரி 18, திங்கள்

பனி குறைவு. துணி காய்ந்தது.

ஒரே நாளில் இரண்டு வேலை முடிய வேண்டும். (1) அருவி. (2) காளஹஸ்தியில் ராகு கேது பூஜை. பூஜை மல்லிகாவின் மகள் சுகுணாவுக்கு. வயது இருபத்திரண்டு. ஜாதகத்தில் நாகதோஷம் என்று இரண்டு வரன் தட்டிப்போயிற்று. அம்மா வந்ததும் பூஜை செய்வதாக வேண்டிக்கொண்டிருப்பவள் பாப்பம்மா, மல்லிகாவின் நாத்தனார். மல்லிகாவின் புருஷன் தவறிப்போன பிறகு, இவள் குவைத்துக்கு விமானம் ஏறின நாளிலிருந்து சுகுணாவை வளர்த்தது பாப்பம்மாதான். அதனால் பூஜையில் அவள் வைத்ததே சட்டம். நியாயமும்கூட.

சுகுணாவுக்குத் தடா பக்கம் கம்பெனி வேலை. இந்த மாதம் ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்கிறாள். ஆகவே ஒரே நாள், ஒரே வண்டி.

மத்தியானம் பழைய மாவட்ட மேப்பை விரித்தேன். பென்சிலால் வழி போட்டேன்:

சத்தியவேடு – வரதய்யபாளையம் – கா.ஹஸ்தி – ஏர்பேடு – ரேணிகுண்டா – புத்தூர் – கை.கோனா – நாகலாபுரம் – சத்தியவேடு.

முழு வட்டம்! ஒரு மைல்கூட வந்த வழியே திரும்ப வேண்டாம். கோலம் போடுகிறவள் கையை எடுக்காமல் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்கிற மாதிரி. எனக்கே கைதட்டத் தோன்றியது. சமையலறையில் யாரும் இல்லை, தட்டிக்கொண்டேன்.

நாள்: 29, வெள்ளி. ராகு காலம் 10.30 – 12. அதில் பூஜை. பிறகு சாப்பாடு, பிறகு புத்தூர் வழியாக அருவி, மூன்று மணிக்குக் குளியல். பொழுது சாய வீடு.

எடுத்துப்போக: மாற்றுப்புடவை, துண்டு 5, புளிசாதம், எலுமிச்சை (வாந்திக்கு), குரங்குக்கு ஒரு கம்பு, பிளாஸ்டிக் பை, கோடாலித் தைலம் (மல்லிகா கொண்டுவந்தது, பன்னிரண்டு பாட்டில்!).

ஜனவரி 19, செவ்வாய்

திட்டம் தவிடுபொடி.

சாயங்காலம் மல்லிகா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து மேப்போடு விளக்கினேன். சுகுணா கம்பெனி யூனிபாரம் கூட மாற்றாமல் கேட்டாள். பாப்பம்மா வெற்றிலை மென்றுகொண்டே கடைசி வரை கேட்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"டீச்சரம்மா! இவ்ளோ படிச்சிட்டு இது தெரியாதா? காளாஸ்தியில தோஷம் கழிச்சிட்டு நேரா வூட்டுக்குத்தான் வரணும். சொந்தக்காரங்க வூட்டு வாசப்படிகூட மிதிக்கக்கூடாது. நீ என்னாடான்னா அருவியில தலை முழுகச் சொல்றே. கோயிலுக்குப் போயிட்டு வந்து குளிச்சா இன்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். நைனா எங்களைக் காளஹஸ்திக்குக் கூட்டிப்போய், பசி பசி என்று அழுதும் வழியில் அத்தை வீட்டில் நிறுத்தவில்லை. தெரிந்தும் மேப்பைப் பார்த்ததும் மறந்தது. தூரத்தை மட்டும் பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன், மேப்பில் ஊர் இருக்கும், ஊர்க்காரன் இருக்க மாட்டான் என்று.

"அப்போ அருவியை வுட்டுடலாம்" என்றாள் பாப்பம்மா. "கோயில்தான் முக்கியம். பொண்ணு கல்யாணம்."

மல்லிகா உடனே, "ஆமா அண்ணி. பரவால்லக்கா, அருவி எங்க போயிடப் போவுது" என்றாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். நானும் போனேன். காலியான டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த லீவு எப்போது என்று கேட்டேன். "ரெண்டு வருஷம். இல்லன்னா மூணு. மேடம் மனசு" என்றாள்.

ஜனவரி 20, புதன்

மேகம். முட்டிவலி.

காலை காபி குடிக்கும்போது உறைத்தது. வட்டத்தைத் திருப்பிப் போட்டால் என்ன? அருவி முதலில், காளஹஸ்தி கடைசியில், அங்கிருந்து நேரே வீடு. குளித்துவிட்டுக் கோயில். எந்தத் தோஷமும் இல்லை! பாதி காபியை வைத்துவிட்டு ஓடினேன்.

பாப்பம்மா விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை. கோயில்ல டிக்கெட் வாங்கி குந்தணும்னா ஒம்போதரைக்கே இருக்கணும். அப்போ அருவிக்கு எத்தினி மணிக்கு?"

கணக்குப் போட்டேன். விடிவதற்கு முன்னால்.

"இருட்டுல அருவியில குளிக்க நாம இன்னா பேயா, பிசாசா?"

மேப்பை மடித்தேன். சரியான கேள்விக்குப் மேப்பை மடிப்பதும் வாத்தியார் வேலைதான். பூஜையை ராகு காலம் இல்லாத நேரத்தில் செய்தால்? கேட்கவே பயம். கேட்டேன். பாப்பம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 21, வியாழன்

வெயில். நல்ல வெயில்.

நடக்கிறதோ இல்லையோ, பாடம் எடுக்கும் முன் ஒரு தடவை படித்துவிட்டுப் போவது என் பழக்கம். காலை பஸ்ஸில் நாகலாபுரம். அங்கே புத்தூர் பஸ். "கைலாசகோனா ஸ்டாப்" என்றதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனியாவா?" "ஆமா." "சாமி கும்பிடவா?" "இல்ல, பார்க்க." டிக்கெட்டைக் கிழிக்க மறந்தே நின்றார்.

மெயின் ரோட்டில் இறங்கி நடை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, பூ விட ஆரம்பித்திருக்கிறது. பிறகு மலை கிட்டே வந்துவிடுகிறது. அருவியைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம். மழை வந்துவிட்டதோ என்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன், நீலம்!

படி ஏறினால் பாறை, பக்கத்தில் குகை மாதிரி சின்ன சிவன் கோயில், மேலேயிருந்து தண்ணீர். கொட்டுகிறது. தை மாதத்தில் இவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நினைக்கவில்லை. கையை மட்டும் நீட்டினேன். அவ்வளவுதான். குளிக்கவில்லை. அது மல்லிகாவோடு.

கீழே வேர்க்கடலை அவித்து விற்கும் அம்மா சொன்னவை, குறிப்பாக:
– லீவு நாளில் பத்து மணிக்கு மேல் பெண்கள் நிற்க முடியாது. வண்டி வண்டியாகக் குடித்துவிட்டு வருகிறார்கள்.
– காலை ஏழு மணிக்கு "மீ இஷ்டம், உங்க இஷ்டம்தான். உங்க வூட்டு பாத்ரூம் மாதிரி."
– பாசிப் பாறை இடது பக்கம். வலது பக்கமாகவே போக வேண்டும்.
– சோப்பு கூடாது.
– குரங்குக்குப் பையைக் காட்டக் கூடாது. (கம்பு வேண்டாம், பையை வண்டியிலேயே விட்டால் போதும்.)

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். முழங்கை வரை ஈரம். மல்லிகாவிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது.

ஜனவரி 23, சனி

காலை பதினொரு மணி. மல்லிகா செருப்பில்லாமல் என் வீட்டுக்கு வந்து நின்றாள். குவைத்திலிருந்து போன். அந்த வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை. 27 புதன் கிளம்பி வர வேண்டும், டிக்கெட் மாற்றியாகிவிட்டது. கேட்கவில்லை, சொன்னார்கள்.

நான்கு நாள் போயிற்று.

"29ஆம் தேதி பூஜையும் போச்சுக்கா. அண்ணி மூஞ்சியைப் பாக்க முடியல."

அழவில்லை அவள். எனக்குத்தான் கோபம், யார் மேல் என்று தெரியாமல். காலண்டரைப் பார்த்தேன். நாளை ஞாயிறும் திங்களும் சுகுணாவுக்கு ஷிப்ட், திடீரென்று லீவு கேட்டால் கிடைக்காது. செவ்வாய் 26. குடியரசு தினம். கம்பெனி லீவு!

பிறகுதான் பின்பக்கத்து ராகு காலப் பட்டியலைப் பார்த்தேன். செவ்வாய் 3 – 4.30.

மூன்று மணி! காலை முழுக்க நம்முடையது. ஏழு மணிக்கு அருவி, ஒன்பதரைக்குப் புறப்பாடு, மத்தியானம் காளஹஸ்தி, மூன்று மணிக்குப் பூஜை, நேரே வீடு. வெள்ளிக்கிழமை நுழையாத திட்டம் செவ்வாய்க்கிழமையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்த மேடமுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா.

மல்லிகாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இன்னாக்கா, இன்னா ஆச்சி?" என்று பயந்துபோனாள்.

ஜனவரி 24, ஞாயிறு

பாப்பம்மாவைச் சம்மதிக்கவைத்த வரலாறு.

"செவ்வாக்கிழமை வடக்கே சூலம். காளாஸ்தி வடக்கு. பால் குடிச்சிட்டு போலாம்தான். ஆனா தோஷம் கழிக்கப் போற அன்னிக்கே சூலத்துல போவணுமா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல மேப்பை விரித்தேன். "பாப்பம்மா, விரலை வை. இது நம்ம வீடு. முதல்ல எங்க போறோம்? நாகலாபுரம். எந்தத் திசை?"

"...மேற்கு."

"வீட்டு வாசலை விட்டு மேற்கே கிளம்பறோம். சூலம் இல்ல. அருவியிலேர்ந்து கிளம்பறது புதுப் பயணம் இல்ல, அதே பயணம்."

ரொம்ப நேரம் விரலை எடுக்காமல் பார்த்தாள். "பெரிய ஆளுதான் நீ" என்றாள். பிறகு, "நான் குளிக்க மாட்டேன். பையைப் பாத்துக்கினு கீழ குந்திருப்பேன்" என்றாள். சரி என்றேன். சுகுணா உள்ளே போய்க் குதித்த சத்தம் கேட்டது.

வண்டி. என் பழைய மாணவன் ரமணாவின் வேன். 26ஆம் தேதி ஒரு திருப்பதி பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். "திருப்பதிக்குத் தம்பி வண்டியை அனுப்பறேன் டீச்சர். மீரு டைம் செப்பண்டி, நீங்க சொல்ற டைமுக்கு வண்டி வாசல்ல நிக்கும்." ஏழாம் வகுப்பில் ஆந்திரா மேப்பைத் தலைகீழாக ஒட்டினவன்.

ஜனவரி 25, திங்கள்

காற்று. மேகம் வந்து வந்து போகிறது. மழை வேண்டாம், தயவுசெய்து.

புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் தயார். துண்டு 5 மடித்தாயிற்று. பாப்பம்மா மாற்றுப்புடவை ஒன்றை என் பையில் திணித்தாள். "சும்மா. தெறிச்சா என்ன பண்றது."

சுகுணா: "பெரியம்மா, அம்மாவும் நானும் சேர்ந்தாப்ல சிரிச்ச ஒரு போட்டோகூட இல்ல தெரியுமா? எல்லாம் ஏர்போர்ட்ல எடுத்தது. எல்லாத்துலயும் அழுதுகினு கீறோம்."

இன்று படுக்கை சீக்கிரம். தூக்கம் வராது.

ஜனவரி 26, செவ்வாய்

எல்லாம் எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது.

ஐந்தேகாலுக்கு வேன். மேற்கே. நாகலாபுரம் தாண்டும்போது வெளுத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொடியேற்றத்துக்குப் போகாத குடியரசு தினம். குற்ற உணர்ச்சி சரியாக இரண்டு நிமிஷம்.

ஆறு ஐம்பதுக்குப் படி. யாருமில்லை. கடலை அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டே கையாட்டினாள்.

அருவியைப் பார்த்ததும் சுகுணா கத்தினாள். நானும். மல்லிகா கத்தவில்லை. பாறை ஓரத்தில், சாரல் மட்டும் படும் இடத்தில், துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். குளிருகிறதோ என்று கிட்டே போனேன்.

"அக்கா, போவட்டுமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கீழே உட்காராமல் பையோடு மேலேயே வந்துவிட்ட பாப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி? போவட்டுமா?"

சத்தியமாக அனுமதி கேட்டாள். நாற்பத்தைந்து வயதுக்காரி. பால்கனிக்குப் போக, போன் பேச, படுக்கப் போக, பதினொரு வருஷம் கேட்டுக் கேட்டு, தண்ணீருக்கு முன்னாலும் கேட்டு நின்றாள். அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டேன்.

பாப்பம்மாதான் பையைக் கீழே போட்டாள். (புளிசாதப் பை!) புடவையை இழுத்துச் செருகினாள். "யாரை இன்னாடி கேக்கிற? இங்க எந்த மேடம் கீறா? அருவியா உனக்கு சம்பளம் குடுக்குது? வாடி!" கையைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் உள்ளே.

முதல் அடியிலேயே பாப்பம்மா "கோவிந்தா! கோவிந்தா!" என்று அலறினாள். அது சிவன் கோயில். மல்லிகா சிரித்தாள். அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது சிரித்த சிரிப்பு இல்லை இது, நான் கேட்டதே இல்லாத புதுச் சிரிப்பு, வயிற்றிலிருந்து, வாய் நிறையத் தண்ணீரோடு. சுகுணா போட்டோ எடுக்க வந்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு அவளும் ஓடினாள். அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு நின்றதை நான்தான் எடுத்தேன். பாதி நீர்த்துளி, ஒரு காது, நாலு கை. யார் எந்தக் கை என்று தெரியாது. அது போதும் என்கிறாள் சுகுணா.

கடைசியில் நான். தலையை நேராகக் கொடுத்தேன், மூச்சு நின்றேவிட்டது, வெளியே ஓடிவந்தேன். மூன்றாம் தடவை திரும்பி நின்றேன், பழகிற்று. தண்ணீர் "விழுகிறது" என்று பாடத்தில் எழுதுவோம். விழுவதில்லை. அடிக்கிறது. தட்டிக்கொடுக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில்.

ஒன்பதரைக்கு மல்லிகாவைக் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் நேரம்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பத்து மணிக்கு முதல் பைக் கூட்டம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, நாங்கள் இறங்கினோம். புளிசாதத்தில் பாதியைக் குரங்கு கொண்டுபோயிருந்தது. பாப்பம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏர்பேடு தாண்டும் வரை மூன்று பேரும் வேனில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். காளஹஸ்தி பன்னிரண்டே கால். மூன்று மணிக்குப் பூஜை. உள்ளே இன்னும் ஈரம் காயாத பின்னலோடு சுகுணா உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் பெற்றவள், ஒரு பக்கம் வளர்த்தவள். பாப்பம்மா கண்ணை மூடி வேண்டியது எங்களுக்கே கேட்டது: "நல்ல எடமா அமையணும். தூரமா குடுக்கக்கூடாது. பக்கத்துலயே இருக்கணும்."

திரும்பும்போது வரதய்யபாளையத்தில் ரமணா வேனை ஓரம் கட்டினான். பாப்பம்மா: "ஏம்பா நிறுத்தற?" "டீ ஆன்ட்டி." "நேரா வூட்டுக்கு!" "டீக்கடை என்ன வீடா ஆன்ட்டி?" "கடைக்காரன் அங்கயேதான துன்னு தூங்கறான்? அப்போ வூடுதான். ஓட்டு!"

டீ இல்லாமலே சத்தியவேடு.

ஜனவரி 27, புதன்

மல்லிகா கிளம்பினாள். மத்தியானமே சென்னை வண்டி. நானும் பாப்பம்மாவும் வாசலோடு சரி. சுகுணா லீவு சொல்லாமலே கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு ஏர்போர்ட் வரை அம்மாவோடு போனாள்.

அவள் காய வைத்த துண்டு என் கொடியிலேயே இருக்கிறது. கொஞ்சம் அழுகை. பிறகு மாவு ஆட்டினேன்.

ஜனவரி 30, சனி

மறுபடி பனி. மாம்பூவுக்கு ஆகாது என்கிறார்கள்.

நேற்று மல்லிகா போன். பெரியவர் தேவலையாம். "வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்க்கா. கடற்கரை கீதாம் இங்க. பதினோரு வருசமா பாத்ததில்ல." கொடுத்தார்களா என்று கேட்டேன். "இன்னும் பதில் சொல்லல. நான் சொல்லிட்டேன்ல."

காலை சுகுணா ஒரு சீட்டோடு வந்தாள். கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் ஒன்பது பேர். ஒருத்திக்குக் கொல்கத்தா பக்கம், இரண்டு பேர் சித்தூர், மற்றவர்கள் இங்கேயே சுற்றுவட்டாரம். வீடு அல்லது ஹாஸ்டல், பஸ், கம்பெனி தவிர ஒன்றும் பார்த்ததில்லையாம். பிப்ரவரியில் எல்லோருக்கும் லீவு விழும் ஒரு ஞாயிறு. "பெரியம்மா, நீங்க பிளான் போட்டுக் குடுங்க. நாங்களே போயிக்கறோம்."

ஒன்பது பெண்கள்! காலை ஏழு மணி, வலது பக்கப் பாறை, சோப்பு இல்லை, பை வண்டியில். தெலுங்கில் ஒரு காப்பி வேண்டும். கொல்கத்தாப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில். மேப் போட்டாயிற்று. போகிறவர் யாராக இருந்தாலும் செய்து பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் முதல் வரி:

அருவிக்குத் தலையைக் கொடுக்காதே. திரும்பி நின்று, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, முதலில் முதுகைக் கொடு.